பின்பக்கப் படிக்கட்டுக் கதவைத் திறந்து வையுங்கள்

கட்டட நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

போன வாரம் இரவு மீட்டர் அறையில் புகை வந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. மெயினை நிறுத்தினார்கள், கொஞ்ச நேரத்தில் அடங்கியது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் நீங்கள் போட்ட செய்தியும் இதையேதான் சொன்னது. கூடவே ஒரு வரி: "தீ பாதுகாப்புச் சோதனை முறைப்படி முடிந்திருக்கிறது, யாரும் பதற வேண்டாம்." அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

என் அம்மாவுக்கு 78 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்தவை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு படியில் இரண்டு காலையும் வைத்த பிறகுதான் அடுத்த படி. அன்று முன்படிக்கட்டில் புகை மேலே ஏறிக்கொண்டிருந்தது, லிஃப்டைத் தொடக் கூடாது, அதனால் நான்காம் மாடியிலிருந்து பின்படிக்கட்டு வழியாக இறங்கினோம். செல்போன் வெளிச்சத்தில் இரண்டாம் மாடி வரை வந்துவிட்டோம். அங்கே கிரில் கதவில் பூட்டு. கீழ்த்தள அலுவலகங்களுக்குத் திருட்டுப் பயம் என்று ராத்திரியில் பூட்டுகிறீர்கள், சரி. சாவி யாரிடம்? வாட்ச்மேனிடம். அவர் எங்கே? முன்பக்கம், மீட்டர் அறையில், புகைக்குள். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அன்றைக்கு உருப்படியாக வேலை செய்தவர் அவர் ஒருவர்தான்.

அம்மா அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நீ போய் ஏதாவது வழி இருக்கான்னு பாரு, நான் இங்கயே இருக்கேன்" என்றார். வழி எதுவும் இல்லை. கடைசியில் அவரைத் தாங்கிப் பிடித்துத் திரும்ப மேலே ஏற்றினேன். இரண்டு மாடி ஏற இருபது நிமிடம் ஆனது. வீட்டுக்குள் போய்க் கதவிடுக்கில் ஈரத் துண்டைச் செருகிவிட்டு, ஜன்னலோரம் அவரை உட்கார வைத்தேன். தீயில் சாகிறவர்களில் பெரும்பாலானவர்களைக் கொல்வது நெருப்பு அல்ல, புகை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அந்த இருபது நிமிடமும் என் தலைக்குள் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றே மூன்றாம் மாடிப் பையன் ஒருவன் சுவரில் இருந்த தீயணைப்பானை எடுத்துப் பின்னை உருவி அழுத்தியிருக்கிறான். லேசாக ஒரு சீறல், நுனியில் ஒரு சிட்டிகை தூள், அவ்வளவுதான். மறுநாள் போய்ப் பார்த்தேன். உள்ளே அழுத்தம் இருக்கிறதா என்று காட்டும் முள் சிவப்பில் கிடக்கிறது, அதாவது அழுத்தம் போய்விட்டது. குழாயின் வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது, அதுவும் காய்ந்து இறுகிய பழைய கூடு. கழுத்தில் தொங்கும் அட்டையில் மட்டும் பதினைந்து நாளுக்கு முன்பு போட்ட கையெழுத்து! கையெழுத்துப் போட்டவர் குனிந்து பார்த்திருந்தால் அந்தக் கூடு கண்ணில் பட்டிருக்கும். இதற்குப் பெயர் சோதனையா என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு பருவம் மாறும்போதும் யாராவது நேரில் நடந்து போய், கையால் தொட்டுத் திறந்து பார்க்க வேண்டும். பின்கதவையும் சேர்த்து.

பருவம் என்று ஏன் சொல்கிறேன் என்றால் ஆபத்தும் பருவத்துக்குப் பருவம் இடம் மாறுகிறது. வெயில் காலத்தில் எல்லா வீட்டிலும் ஏ.சி. ராத்திரி முழுக்க ஓடும், கீழே அலுவலகங்களில் பகல் முழுக்க ஓடும். ஒயரில் ஓடும் மின்சாரம் இரண்டு மடங்கானால் அதில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். ஒரு திருகு தளர்ந்திருந்தால் அந்த இடத்தில்தான் சூடு மொத்தமும் சேரும். நம் மீட்டர் அறையில் கருகியதும் அப்படியொரு இணைப்புதான், எலக்ட்ரீஷியன் எடுத்துக் காட்டினார். கோடைக்கு முன்னால் ஒருமுறை முறுக்கியிருந்தால் முடிந்துபோயிருக்கும் விஷயம். மழைக் காலத்தில் அதே அறைச் சுவரில் நீர் கசியும். குளிரில் ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிவிட்டு ஜன்னலை மூடிக்கொண்டு தூங்குவார்கள். இவ்வளவுக்கும் சேர்த்து வருடத்துக்கு ஒரு கையெழுத்து எப்படிப் போதும்?

திருட்டுக்கு நம்மிடம் எல்லாம் இருக்கிறது. கேமரா, பூட்டு, பதிவேடு. திருட்டுப் பயத்தில் வழியைப் பூட்டினால் என்ன ஆகும் என்பதை உலகம் ஏற்கெனவே பார்த்துவிட்டது. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் ட்ரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தபோது ஒன்பதாம் மாடியின் ஒரு படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தது. வேலை செய்கிறவர்கள் எதையும் எடுத்துப் போய்விடக் கூடாதாம். 146 பேர் செத்தார்கள், பாதிக்கு மேல் இளம் பெண்கள். நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது, இன்னமும் நாம் அதே பூட்டைத்தான் தொங்கவிட்டிருக்கிறோம்.

எங்கள் பக்கமும் தவறு இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். பின்படிக்கட்டில் சைக்கிள், அட்டைப் பெட்டிகள், யாரோ வைத்த பெயின்ட் டப்பாக்கள். நான் வைத்த பழைய அலமாரியும் அங்கேதான் இருந்தது, எடுத்துவிட்டேன். எங்கள் வீட்டுப் புகை அலாரத்தைக் கழற்றிப் பின்னால் பார்த்தால் அதன் ஆயுளான 10 வருடம் எப்போதோ முடிந்திருக்கிறது. அதையும் மாற்றிவிட்டேன். மற்ற வீடுகளையும் பார்க்கச் சொல்லி நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்கள்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சம்பளம் வாங்காமல் செய்கிற வேலை இது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மறுபடி கேட்கிறேன். அந்தப் பூட்டை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். வெளியிலிருந்து யாரும் வரக் கூடாது என்றால், உள்ளிருந்து தள்ளினால் திறந்துகொள்ளும் கம்பி வைத்த கதவு போடலாம், அலுவலகக்காரர்களும் அதற்கு மறுப்புச் சொல்லப் போவதில்லை. தீயணைப்பான்களை நிரப்பச் சொல்லுங்கள். முள் இல்லாத கார்பன் டை ஆக்சைடு உருளைகளை எடை போட்டுத்தான் பார்க்க முடியும், அதையும் கேட்டு வாங்குங்கள். அப்புறம் கையெழுத்துப் போடுகிறவர் யாராக இருந்தாலும் எங்களில் ஒருவர் கூடவே நடக்கட்டும்.

வருகிற சனிக்கிழமை காலை நான் வீட்டில்தான் இருப்பேன். டார்ச்சோடு வருகிறேன், இரண்டாம் மாடிக் கதவிலிருந்து தொடங்கலாம். எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நான்காம் மாடியில் குடியிருக்கும் ஒருவர்