மழை நாளில் வராதது யார்?

மதிப்பிற்குரிய குரங்கு ஆய்வுக் குழுவினருக்கு,

வணக்கம். டர்பனின் சாட்ஸ்வர்த்தில் உங்கள் ஆய்வுக்காக வெர்வெட் குரங்குகளை எண்ணித் தந்த தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. அந்த எண்ணிக்கையை வைத்து நீங்கள் எழுதிய கட்டுரை வெளிவந்ததற்கு வாழ்த்துகள். கேட்டால் தரவு தரப்படும் என்று அதன் அடியில் போட்டிருந்தீர்கள். கேட்டேன். நான்கு முறை கேட்டேன். போன வாரம் பதில் வந்தது: கணக்குப் போட்ட கணினி நிரலை எழுதிய மாணவர் படிப்பை முடித்துப் போய்விட்டாராம், அவருடைய மடிக்கணினியோடு நிரலும் போய்விட்டதாம்.

அட்டவணையாவது வந்ததே என்று திறந்தால், ஸ்கேன் செய்த பி.டி.எஃப். மூன்று வாரம் உட்கார்ந்து எக்செல்லில் தட்டினேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. மழை பெய்த காலைகளில் நான் எண்ணப் போகவில்லை. நோட்டில் அந்தக் கட்டங்களை வெறுமையாக விட்டிருந்தேன். உங்கள் அட்டவணையில் அங்கெல்லாம் 0 இருக்கிறது. கட்டுரையோ மழை நாளில் குரங்குகள் குறைவாக வருகின்றன என்கிறது. மழை நாளில் வராதது நாங்கள், ஐயா! குரங்குகள் வந்து கறுப்புக் குப்பைப் பைகளைக் கிழித்துவிட்டுத்தான் போயின. மழை விட்டபின் கூட்டி அள்ளியவள் நான்.

கணக்குப் போடும்போது அந்த 0-களை நீங்கள் நீக்கியும் இருக்கலாம். நிரலைப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதனால்தான் கேட்கிறேன்: தரவையும் நிரலையும், அட்டவணையின் எந்தத் தலைப்புக்கு என்ன பொருள் என்ற குறிப்போடு, யாரும் எடுத்துப் பார்க்கக்கூடிய இணையப் பொதுக் களஞ்சியத்தில் போடுங்கள்.

சிலந்திகளின் நடத்தை பற்றிய கட்டுரைகள் 2020-ல் திரும்பப் பெறப்பட்டது உங்களுக்குத் தெரியாததல்ல. தரவு பொதுவில் கிடந்ததால்தான் ஒரே எண்கள் திரும்பத் திரும்ப வருவதை மற்றவர்களும் தோண்டிப் பார்க்க முடிந்தது. நம் தென்னாப்பிரிக்கத் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையும், தன் பணத்தில் நடக்கும் ஆய்வுகளின் தரவு பொதுக் களஞ்சியத்துக்கு வரவேண்டும் என்று 2015-லேயே சொல்லிவிட்டது. குரங்குகள் தங்கும் இடம் விஷம் வைப்பவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று முன்பு எழுதினீர்கள். நியாயமான பயம். ஜி.பி.எஸ். எண்களின் கடைசி இலக்கங்களை வெட்டிவிட்டுப் போடுங்கள்; இடம் தோராயமாகத்தான் தெரியும்.

1860-ல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை முதன்முதலில் டர்பனுக்குக் கொண்டுவந்த ட்ரூரோ கப்பலில் வந்தவர்களின் பெயர், வயது, ஊர் எல்லாம் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன. வெள்ளைக்காரன் எங்கள் பாட்டன்களை எண்ணிய கணக்கு பத்திரமாக இருக்கிறது; நேற்று நாங்கள் குரங்குகளை எண்ணிய கணக்கைத்தான் காணோம். சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

அந்த மாணவரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நிரல் கிடைக்கவே கிடைக்காது என்றால் தரவையாவது பொதுவில் போடுங்கள். வெற்றுக் கட்டங்களைச் சரிபார்க்க என் நோட்டுகளைத் தருகிறேன். ஆறு நோட்டுகள், ஒன்று மட்டும் கொஞ்சம் நனைந்திருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் தன்னார்வலர்களில் ஒருத்தி,
சாட்ஸ்வர்த், டர்பன்