இரண்டாவது தடவை

மேற்கு மாம்பலம்,
நவம்பர் 18

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தபோது போர்வைக்குள் கிடந்தேன். டெங்கு. ஏழெட்டு வருடங்களுக்கு முன்பும் வந்ததுதானே, உடம்புக்குப் பழகியிருக்கும் என்று வீட்டில் எல்லோருக்கும் தைரியம் சொன்னேன். டாக்டரிடமும் அதையே பெருமையாகச் சொன்னேன். "இரண்டாவது தடவையா? அதுதான் கவலை" என்றார்.

டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை வந்து போனால் அதற்கு மட்டும் ஆயுள் முழுக்கக் காப்பு. மற்றவற்றுக்குச் சில மாதங்கள்தான். முதல் வகையை எதிர்க்க உடம்பு தயாரித்த பழைய எதிர்ப்பொருட்கள் (ஆன்டிபாடி) ரத்தத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். வேறு வகை நுழைந்தால் அதன்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அதை முடக்கும் அளவுக்குப் பொருந்தாது. எதிர்ப்பொருள் ஒட்டியதை விழுங்குவது சிலவகை வெள்ளணுக்களின் வேலை. டெங்கு பெருகுவதோ அந்த அணுக்களுக்குள்ளேதான்! நம் ஹாஸ்டல் வாட்ச்மேன், தெரிந்த முகம் போலிருக்கிறதே என்று வெளியாள் ஒருவனைச் சாப்பாட்டுக் கூடம்வரை கூட்டிப்போய் உட்காரவைத்தாரே, அந்தக் கதைதான். 1960களில் பாங்காக் குழந்தைகளிடம் ஸ்காட் ஹால்ஸ்டெட் என்ற மருத்துவர் இதைக் கவனித்திருக்கிறார்: பெரும்பாலும் இரண்டாம் முறை வந்தவர்களுக்கே நோய் முற்றியது.

இன்னொன்று. காய்ச்சல் விட்டதும் பிழைத்தோம் என்று எழுந்து உட்கார்ந்தேன். ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்குமாம். உடம்பின் எதிர்ப்பு வேகத்தில் ரத்தக் குழாய்கள் கசிந்து நீர் வெளியேறும், ரத்தம் கெட்டியாகும். போன் செய்தவர்கள் எல்லோரும் "பிளேட்லெட் எவ்வளவு?" என்றே கேட்டார்கள், டாக்டரோ ரத்தத்தின் கெட்டித்தன்மையையும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பப்பாளி இலைச் சாறு கொண்டுவந்தாள். குடித்தேன், டெங்குவுக்கு அல்ல, அக்காவுக்குப் பயந்து.

வீட்டைப் பார்க்க வந்த மாநகராட்சிப் பணியாளர் கொசுப்புழுவை எங்கே கண்டுபிடித்தார் தெரியுமா? நான் ஆசையாக வளர்க்கும் மணி பிளான்ட் பாட்டிலில். மானம் போயிற்று.

இவ்வளவும் உனக்கு எழுத ஒரு காரணம் இருக்கிறது. 2012-இல் திருநெல்வேலிப் பக்கம் டெங்கு பரவியபோது நீயும் பத்து நாள் படுத்தாய் அல்லவா? டிசம்பரில் இங்கே வரும்போது முழுக்கைச் சட்டை கொண்டுவா. இந்தக் கொசு பகலில் கடிப்பது. பாட்டிலைக் கவிழ்த்துவிட்டேன்.

அன்புடன்,
ராமு