கலப்பத்து சத்தத்துக்கு ஒரு நன்றி மடல்

காசிமேடு துறைமுகத்து அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும், எங்கள் இரைச்சலைப் பொறுத்துக்கொண்ட மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் ராக் குழுவின் பாட்டு வெளியாகிவிட்டது. கேட்டவர்களில் பாதிப் பேர் “இந்தத் தாளத்தை எங்கே பிடிச்சீங்க?” என்றுதான் கேட்கிறார்கள். பிடித்த இடத்தைச் சொல்லாமல் பெருமை மட்டும் வாங்கிக்கொள்வது சரியில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம். ஓய்ந்து கிடக்கும் துறைமுகத்தைப் பற்றி மெதுவாக ஒரு பாட்டு என்ற எண்ணத்தோடு வந்தோம். உள்ளே நுழைந்தால் சுத்தியல் சத்தம் காதைப் பிளந்தது. ஆண்டு முழுக்கத் தள்ளிப்போட்ட மராமத்து எல்லாம் அந்த இரண்டு மாதத்தில்தானே நடக்கிறது.

படகில் தண்ணீர் கசியாதபடி பலகை இடுக்குகளை அடைப்பதுதான் கலப்பத்து. கலப்பத்து மேஸ்திரி அண்ணே, முதல் நன்றி உங்களுக்கு. கரையேற்றிய மரப்படகின் பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்து, உளியைப் பொருத்தி நீங்கள் அடித்ததை எங்கள் டிரம்மர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். இரண்டு சின்ன தட்டு, ஒரு பெரிய அடி, அப்புறம் உளி நகரும் ஒரு இடைவெளி. பஞ்சு இறங்கும்வரை சத்தம் மொத்தையாக இருக்கிறது. இடுக்கு நிரம்பியதும் கணீரென்று மாறுகிறது. “கண்ணால பாக்காதே தம்பி, காதால பாரு” என்றீர்கள். எங்கள் பாட்டின் அமைப்பே அதுதான். தொடக்கத்தில் டிரம்மின் மேல் துணி போட்டு மூடி வாசித்திருக்கிறோம். கடைசிச் சரணத்தில் துணி இல்லை. கிதார்காரன் வைத்திருந்த ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கு, இந்தக் கணக்கில் உட்காராமல் அடம்பிடித்தது. சரி என்று அதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாகப் போட்டான். நல்லவேளை.

கண்ணெதிரே நடப்பதைப் பாட்டாக்குவது ராக் இசைக்குப் புதுசும் இல்லை. 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மாந்த்ரோ நகருக்கு ஆல்பம் பதிவு செய்யப் போனது டீப் பர்ப்பிள் குழு. ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி நடந்துகொண்டிருந்த காசினோவில் யாரோ ஃபிளேர் துப்பாக்கியால் (எரியும் வெளிச்சக் குண்டைச் சுடுவது) சுட, கட்டடமே எரிந்துபோனது. ஏரியின்மேல் பரவிய அந்தப் புகைதான் அவர்களுடைய ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ பாட்டு. எல்லோரும் அதன் ரிஃப்பைப் பற்றியே பேசுவார்கள். எனக்குப் பிடித்தது வேறு விஷயம்: உள்ளே சிக்கிய இளசுகளை வெளியே இழுத்துவந்த இசைவிழா அமைப்பாளர் கிளாட் நோப்ஸின் முதல் பெயரைப் பாட்டுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். இதைவிட நல்ல நன்றி மடல் உண்டா?

நாங்களும் அப்படிச் செய்யத்தான் ஆசைப்பட்டோம். கருவாடு விற்கும் அக்கா விடவில்லை. “மீனுக்குத்தான் லீவு, எங்களுக்கு இன்னா லீவு?” என்று அவர் போகிற போக்கில் சொன்னதுதான் பல்லவி. அதைப் பாடலாமா என்று கேட்டதற்கு, “பாடிக்கோ, எம்பேரு மட்டும் வரக் கூடாது” என்றார். வட்டிக்குக் கொடுத்தவர்கள் கேட்டால் வம்பு என்று அவர் சொன்ன காரணம் இரண்டாம் சரணத்தில் இருக்கிறது. பெயர் இல்லை அக்கா, சத்தியமாக இல்லை.

ஸ்டுடியோ அண்ணனுக்கும் நன்றி. போனில் எடுத்த சுத்தியல் சத்தத்தைச் சுத்தம் செய்யச் சொன்னோம். அதில் காக்காயையும் டீசல் இன்ஜினையும் அப்படியே விட்டுவைத்தார். வாடகை பாக்கியைப் பற்றி இந்த மடலில் எழுத வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். மாடிவீட்டு மாமிக்கும் நன்றி, போலீஸைக் கூப்பிடாததற்கு.

மேஸ்திரி அண்ணே, பாட்டில் வரும் பணத்தில் உங்களுக்கு ஒரு பங்கு உண்டு. இதுவரை வந்த கணக்குப்படி டீயும் பஜ்ஜியும் உறுதி. அடுத்த தடைக்காலத்தில் ஆம்ப்ளிஃபையரோடு வந்து அங்கேயே வாசிக்கிறோம். கரண்டுக்கு மட்டும் ஏதாவது ஏற்பாடு செய்யுங்கள்.

அன்புடன்,
குழுவின் சார்பில், பேஸ் கிதார் வாசிப்பவன்