சொல்லும் வேலையை எங்கள் தலையில் கட்டாதீர்கள்

மரபணு ஆலோசகர்களுக்கும், அவர்களுக்கு நேரமும் ஆளும் ஒதுக்கும் மருத்துவமனை நிர்வாகங்களுக்கும்,

வணக்கம்.

என் தங்கை மகனுக்கு டுஷேன் தசைச்சிதைவு நோய். தங்கை அந்த மரபணு மாற்றத்தின் கேரியர், அதாவது பெரும்பாலும் தனக்கு நோய் வெளிப்படாமலே பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடியவள், என்று சோதனையில் தெரிந்தது. எங்களுக்கு விளக்கியவர் பொறுமைசாலி. எக்ஸ் குரோமோசோமைத் தாளில் வரைந்து காட்டினார். இனி பிறக்கும் ஒவ்வோர் ஆண் குழந்தைக்கும் நோய் வர 50 சதவீத வாய்ப்பு, ஒவ்வொரு பெண் குழந்தையும் கேரியராக இருக்க 50 சதவீத வாய்ப்பு என்றார். முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்தது தப்பிவிடும் என்று கணக்குப் போடக்கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னார். இதிலெல்லாம் குறையே இல்லை.

புறப்படும்போது சொன்ன ஒரு வரிதான் இந்த மடலுக்குக் காரணம்: "கூடப் பிறந்த பொண்ணுங்க இருந்தா அவங்களையும் டெஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்க."

கடைசித் தங்கை அப்போது கர்ப்பமாக இருந்தாள். கேரியர் என்று தெரிந்த மூத்த தங்கை அவளுக்கு வாட்ஸ்அப்பில் எழுதுவாள், அழிப்பாள், போனைக் கவிழ்த்து வைப்பாள். சொன்னால் பிள்ளைத்தாய்ச்சியைக் கலங்கடித்த பழி. சொல்லாவிட்டால் நாளைக்கு "தெரிஞ்சும் மறைச்சியே" என்ற பழி. கடைசியில் சொன்னாள். "இதை ஏன் இப்போ சொல்றே?" என்றுதான் பதில் வந்தது. அதோடு இருவருக்கும் பேச்சு குறைந்துபோனது. அம்மாவோ, "என் வயித்து வழியாத்தான் வந்துச்சா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு, ரத்தம் கொடுக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

அம்மாவுக்குத் தெரிந்துகொள்ளாமல் இருக்க உரிமை உண்டு, சரி. குடும்பத்தில் மாற்றம் எதுவென்று தெரிந்துவிட்டதால் அவளைச் சோதிக்காமலே கடைசித் தங்கையை நேரடியாகச் சோதிக்க முடியும், அதுவும் சரி. ஆனால் தங்கைக்குப் பாசிட்டிவ் வந்தால், அம்மா வேண்டாம் என்று ஒதுக்கிய விடையும் ஏறக்குறைய கூடவே வந்து நிற்கும். ஒருத்தியின் ரிப்போர்ட் இன்னொருத்தியின் விடையையும் உடைத்துச் சொல்லிவிடுகிற இந்தச் சிக்கலை எப்படிக் கையாள்வது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

உங்கள் துறைக்கு 'மரபணு ஆலோசனை' என்று 1947இல் பெயர் வைத்த ஷெல்டன் ரீட், அதை, 'தகுதியானவர்கள்' மட்டுமே பிள்ளை பெறவேண்டும் என்ற இனமேம்பாட்டுவாதத்திலிருந்து விலகிய ஒரு சமூகப் பணியாகத்தான் பார்த்தார். 'பெற்றுக்கொள், பெற்றுக்கொள்ளாதே' என்று நீங்கள் எங்களுக்குக் கட்டளை இடாததன் பின்னால் அந்தக் கசப்பான வரலாறு இருக்கிறது. அதை மதிக்கிறேன். முடிவை எங்களிடமே விடுங்கள். முடிவெடுக்கும் உரிமையைத் தருகிற சாக்கில் சொந்தக்காரர்களிடம் செய்தி சொல்லும் சுமையையும் சேர்த்துத் தருவதைத்தான் நான் ஏற்கவில்லை.

உங்களுக்கு வழி தெரியாது என்றும் சொல்ல முடியாது. மூளையைப் படிப்படியாகச் சிதைக்கும் பரம்பரை நோயான ஹண்டிங்டனின் மரபணு 1993இல் கண்டறியப்பட்டது. அந்த நோய்க்கான சோதனைக்கு முன்பே ஆலோசனை, கூடவே நம்பிக்கையான ஒருவர், முடிவை நேரில் சொல்வது, பிறகும் தொடர்ந்து சந்திப்பது என்று முறை வகுத்திருக்கிறீர்கள். நோய் வர வாய்ப்புள்ளவர்களில் பெரும்பாலோர் அந்தச் சோதனையே வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள் என்பதும், 'உனக்கு இல்லை' என்று நல்ல செய்தி கேட்டவர்களில் சிலர்கூட, நோயுள்ள உடன்பிறப்பின் முகத்தைப் பார்க்கக் கூசுகிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த அக்கறை ஒரு நோயோடு ஏன் நின்றுபோக வேண்டும்?

உறவினர்களின் பயத்தையும் லேசாக எண்ணாதீர்கள். 1970களில் அமெரிக்காவில் அரிவாள் செல் என்ற பரம்பரை ரத்த நோய்க்கான சோதனை பரவலாக நடந்தபோது, வெறும் கேரியர்களான, எந்த நோயுமில்லாத மனிதர்கள் வேலையிலும் காப்பீட்டிலும் ஒதுக்கப்பட்டார்கள். அங்கே 2008இல் வந்த மரபணுப் பாகுபாட்டுத் தடைச் சட்டமும் ஆயுள் காப்பீட்டைத் தொடவில்லை. "இன்ஷூரன்ஸ்ல கேட்டா என்ன சொல்றது?" என்று கடைசித் தங்கையின் கணவர் கேட்டது சுயநலமாக எனக்குப் படவில்லை. பதில் சொல்ல வேண்டிய நாற்காலியில் என் தங்கை இருந்தாள், நீங்கள் இல்லை.

நோயாளியின் ரகசியம் காக்க வேண்டும் என்பீர்கள். காக்கத்தான் வேண்டும். தந்தைக்கு ஹண்டிங்டன் என்பது கர்ப்பிணி மகளிடம் மறைக்கப்பட்ட ஒரு வழக்கில், நோயாளியின் ரகசியத்தையும் ஆபத்தில் இருக்கும் உறவினரின் நலனையும் சீர்தூக்கிப் பார்க்கும் கடமை மருத்துவர்களுக்கு உண்டு என்று 2020இல் லண்டன் உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தப் பெண் வழக்கில் தோற்றார் என்பது வேறு விஷயம். எங்கள் வீட்டிலோ ரகசியம் காக்கும் பேச்சே இல்லை. சொல்லுங்கள் என்றே அனுப்பினீர்கள்.

ஆகவே கேட்கிறேன். உறவினர்களிடம் கொடுக்க உங்கள் கையெழுத்தோடு ஒரு கடிதம் தாருங்கள். சில இடங்களில் இது வழக்கத்தில் இருக்கிறது, எல்லா இடத்திலும் வரட்டும். டுஷேன் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மாற்றம் புதிதாக உண்டானது, தாய் கேரியரே அல்ல. கேரியராக இருந்தாலும் அவள் செய்த தவறு எதுவும் இல்லை. இதை அந்தக் கடிதத்தில் எழுதுங்கள். நாங்கள் சொன்னால் சமாதானப் பேச்சு, நீங்கள் எழுதினால் மருத்துவம். முதல் அதிர்ச்சி அடங்கிய பிறகு, சில வாரங்களில் இன்னொரு முறை கூப்பிடுங்கள். முதல் நாள் சொன்னதில் பாதி எங்கள் காதில் ஏறியிருக்காது. நிர்வாகத்தினரே, அந்த இரண்டாவது சந்திப்பையும் வேலை நேரமாகக் கணக்கில் எழுதுங்கள், இல்லாவிட்டால் அது நடக்கவே நடக்காது.

கடிதத்தின் கீழே ஒரு போன் நம்பர் இருக்கட்டும், எடுத்துப் பேச ஆளும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்