திரை வந்தால் ஆசிரியர் வேண்டாமா?

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளைக் காணொளி வலையமைப்பால் இணைப்பது பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வெளிவந்த கட்டுரையை முழுமையாகப் படித்தேன். நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால், பாடசாலைக்கு ஒரு திரையும் இணைய இணைப்பும் கொடுத்துவிட்டால் மலையகத்தின் கணித, விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை தானாகவே தீர்ந்துவிடும் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. எங்கள் வீட்டில் தலைமுறையாக வாங்கிப் படிக்கும் பத்திரிகையில் அந்த வரியைக் கண்டபோது மனம் மிகவும் நொந்துவிட்டது.

காணொளி வகுப்பை நான் எதிர்க்கவில்லை. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, நுவரெலியா மாவட்டத்து மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் கணிதம் கற்பித்தே ஓய்வுபெற்றவள் நான். எங்கள் பாடசாலைக்கும் ஒரு திட்டத்தின் கீழ் பெரிய திரை, கமெரா, ஒலிபெருக்கி எல்லாம் வந்தன. கொழும்பிலிருந்து ஓர் ஆசிரியர் தரம் 11 பிள்ளைகளுக்கு நேரலையில் கணிதம் கற்பித்தார். திறமையான மனிதர், பொறுமைசாலி. அவருடைய கற்பித்தலில் குறை சொல்ல எதுவும் இல்லை.

தோட்டப் பாடசாலை மண்டபம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீளமான ஒரே கட்டடம். வகுப்புகளுக்கு இடையில் சுவர் கிடையாது, கரும்பலகைதான் எல்லை. ஒலிபெருக்கியைக் கூட்டினால் தரம் 10இல் நடக்கும் வரலாற்றுப் பாடம் நின்றுவிடும். குறைத்தால் பின்வாங்கில் இருக்கும் பிள்ளைக்குக் கேட்காது. தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தகரக் கூரையில் விழும் சத்தத்துக்கு முன்னால் எந்த ஒலிபெருக்கியும் எடுபடாது. திட்டத்தை வரைந்தவர்கள் மழைக்காலத்தில் ஒருமுறையாவது வந்து அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

திரையிலிருந்த ஆசிரியர் இடைக்கிடை விளங்கியதா என்று கேட்பார். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் விளங்கியது சேர் என்று சொல்லும். நான் வாங்குகளுக்கு இடையில் நடந்து கொப்பிகளைப் பார்ப்பேன். மறை எண்ணை மறை எண்ணால் பெருக்கிய இடத்தில் பாதிப் பிள்ளைகள் மறை விடையே எழுதியிருப்பார்கள். உயரத்தில் மாட்டிய கமெராவுக்குக் கொப்பி தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கப்படும் பிள்ளையின் முகமும் தெரியாது. நான் ஒலிவாங்கியை எடுத்து, அந்தப் படியை இன்னொரு முறை செய்து காட்டுங்கள் என்று கேட்பேன். அவரும் முகம் சுளிக்காமல் செய்து காட்டுவார். அப்படி இருவரும் சேர்ந்து நடத்திய பாடங்களில் பிள்ளைகள் உண்மையாகவே முன்னேறினார்கள். அதைக் கண்ணால் கண்டவள் என்பதால்தான் இந்தக் கடிதத்தையே எழுதுகிறேன். நான் செயலமர்வுக்குப் போன நாட்களில் திரையை இயக்கக்கூட ஆள் இருக்கவில்லை. நான் ஓய்வுபெற்ற பின்னர் என் இடத்துக்கு நீண்ட காலம் கணித ஆசிரியர் வரவில்லை. திரை இப்போது அதிபரின் அறையில் துணி போர்த்தியபடி நிற்கிறது. பற்றாக்குறையைத் தீர்க்கும் என்று உங்கள் கட்டுரையாளர் எழுதிய பொருள், பற்றாக்குறையாலேயே நின்றுபோனது.

வெளிநாடுகளில் இது வெற்றி பெற்றது என்றும் அவர் எழுதியிருக்கிறார். உண்மைதான். உருகுவே நாட்டில் ஆங்கில ஆசிரியர்கள் போதாத காரணத்தால் 2012 முதல் ஆரம்பப் பாடசாலைகளில் காணொளி வழியாக ஆங்கிலம் கற்பிக்கிறார்கள். வாரத்தில் மூன்று பாடவேளைகள். அவற்றில் ஒன்றைத்தான் திரையிலுள்ள ஆசிரியர் நடத்துகிறார். மற்ற இரண்டையும் அந்த வகுப்பின் ஆசிரியரே, இருவரும் பேசித் திட்டமிட்டபடி நடத்துகிறார். பிரேசிலின் அமேசோனாஸ் மாநிலத்தில் மனாவுஸ் நகரிலிருந்து ஆற்றங்கரைக் கிராமங்களுக்கு 2007 முதல் செய்மதி வழியாகப் பாடம் அனுப்புகிறார்கள். அங்கும் ஒவ்வொரு வகுப்பறையிலும் பிள்ளைகளோடு ஓர் ஆசிரியர் நிற்கிறார். இந்த வெற்றிக் கதைகளில் அந்த ஆளை மட்டும் உங்கள் கட்டுரையாளர் விட்டுவிட்டார்.

இப்படி விடுபடுவது எங்களுக்குப் புதிதல்ல. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோது தோட்டத்துப் பிள்ளை வெளியே நின்றது. ஓராசிரியர் பாடசாலை, ஐந்தாம் வகுப்போடு முடியும் படிப்பு, அதன்பின் கொழுந்துக் கூடை; என் தாயின் கதை அதுதான். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்க 1970கள் வரை காத்திருந்தோம். 2015இல் எங்கள் இளைஞர்களை ஆசிரிய உதவியாளர்களாக நியமித்து மாதம் 6,000 ரூபா கொடுத்தார்கள். பிறகு அது 10,000 ஆனது. என்னிடம் படித்த பெண்பிள்ளைகள் சிலர் பஸ்ஸுக்குப் போக மிஞ்சியதைக் கொண்டு குடும்பம் நடத்திக்கொண்டே கற்பித்தார்கள். இன்று திரைக்குப் பக்கத்தில் யாரும் தேவையில்லை என்று படிக்கும்போது அவர்களுக்கு எப்படி இருக்கும்?

பல்கலைக்கழக அனுமதியில் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுவதை நீங்கள் அறிவீர்கள். நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. ஆனால் எங்கள் பிள்ளைகள் உயர்தரத்தில் பௌதிகவியலும் இரசாயனவியலும் படிக்க ஆசிரியர் இல்லாமல் கலைப்பிரிவுக்குப் போகிறார்கள். வெளிமாவட்டத்திலிருந்து வந்து இங்கே பதிந்து பரீட்சை எழுதுகிறவர்கள் அந்த இடங்களைக் கொண்டுபோகிறார்கள் என்று எத்தனை காலமாகக் கத்துகிறோம்? அதைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை ஒன்றை நான் இன்னும் காணவில்லை.

2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது பாடங்கள் சூமிலும் வட்ஸ்அப்பிலும் நடக்கும் என்றார்கள். பல வீடுகளில் இருந்த ஒரே ஸ்மார்ட் தொலைபேசி, கொழும்பில் கடை வேலை செய்யும் அண்ணனோடு போயிருந்தது. 2021இல் பதுளை மாவட்டத்தின் பொகிட்டியாவையில் பிள்ளைகளும் ஆசிரியையும் சிக்னல் தேடிக் காட்டு வழியாக மலையுச்சிக்கு ஏறிய செய்தி உலகம் முழுவதும் போனது. எல்லோரும் பரிதாபப்பட்டார்கள்.

அந்தக் காலத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. பள்ளத்திலிருக்கும் ஒவ்வொரு லயத்துக்கும் அலைவரிசை கொண்டுபோவது பெரும்பாடு. பாடசாலைக்கு உறுதியான ஓர் இணைப்பும், பல பிள்ளைகள் சேர்ந்து பார்க்கும் ஒரு திரையும் கொடுப்பது இயலக்கூடியது. 2025 ஜூலையில் செய்மதி வழி இணையம் தரும் ஸ்டார்லிங்க் சேவையும் இலங்கைக்கு வந்துவிட்டது. கம்பி எட்டாத மலைக்கும் செய்மதி எட்டும். ஆனால் மாதாந்தக் கட்டணத்தை யார் கட்டுவது? 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் கண்ட பெற்றோரிடமா வசூலிப்பது? 2022இல் ஒரே நாளில் 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றதை மறந்துவிட முடியுமா? முதலில் அந்த அறைக்கு நான்கு சுவர், மின்வெட்டுக்கு ஒரு மின்கலம், பக்கத்தில் நிற்கச் சம்பளத்தோடு ஓர் ஆசிரியர். இவை மூன்றும் இருந்தால் கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கற்பிக்கும் நல்ல ஆசிரியர்களை நாங்கள் இரு கைகளாலும் வரவேற்போம்.

அந்தக் கட்டுரையாளர் அடுத்த முறை எழுதும்போது, திரையின் பக்கத்தில் நிற்கப்போவது யார், அவருக்கு நியமனக் கடிதம் கொடுப்பது யார் என்று கல்வி அமைச்சிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

உங்களிடம் நேரடியாக ஒரு சிறிய வேண்டுகோள். தமிழ்மொழி மூலம் நடக்கும் நேரலை வகுப்புகளின் நேரசூசியை, எந்த நாள், எத்தனை மணி, எந்தத் தரம், எந்தப் பாடம் என்று, வாரந்தோறும் மாணவர் பக்கத்தில் ஒரு கட்டமாக அச்சிடுங்கள். இப்போது அந்த அறிவித்தல் அதிபரின் தொலைபேசிக்கு வருகிறது, சில வேளைகளில் சிங்களத்தில் மட்டுமே வருகிறது. பிள்ளைகளுக்குத் தெரியவரும்போது பாடம் முடிந்திருக்கும். உங்கள் பத்திரிகை காலை பஸ்ஸிலேயே மஸ்கெலியாவுக்கு வந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமைப் பதிப்பில் போட்டால் திங்கட்கிழமை வகுப்புக்கு ஆயத்தப்படுத்த ஆசிரியர்களுக்கு நேரம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
மஸ்கெலியா.