‘சைக்கிள் ஓட்டத் தெரியுமா?’ என்று மட்டும் கேட்காதீர்கள்: உலா ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சமூக மன்றங்களிலும் ஆலயங்களிலும் தமிழ் அமைப்புகளிலும் குடும்ப தினம், இளையர் உலா என்று ஓய்வு நாள்களைப் பிறருக்காகச் செலவிடும் தொண்டூழியர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் வாடகைச் சைக்கிளில் மலைத்தட உலா என்று நீங்கள் விடும் அறிவிப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் மகிழ்ச்சியும் கவலையும் ஒருசேர எழுகின்றன. பதிவுப் படிவத்தில் பெயர், வயது, சைவமா அசைவமா என்பவற்றுக்குக் கீழே ‘சைக்கிள் ஓட்டத் தெரியுமா?’ என்று ஒரே ஒரு கேள்வி இருக்கும். எல்லாரும் ‘ஆம்’ என்றே எழுதுவார்கள். அது பொய்யும் அன்று. ஆனால் அந்த ‘ஆம்’ எதைக் குறிக்கிறது என்று நாம் விசாரிப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய ஓர் உலாவில் கடைசி ஆளாகப் பின்னால் வரும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருந்தது. எனக்கு முன்னால் சென்றவர், பள்ளிப் பருவம் முழுவதும் தஞ்சை வட்டாரக் கிராமச் சாலையில் சைக்கிள் மிதித்த ஓர் அக்கா. அன்று வந்தவர்களில் அவரைவிட அதிக தூரம் ஓட்டியவர் யாரும் இருந்திருக்க மாட்டார். சரளைக்கல் சரிவு ஒன்றில் வண்டி வேகமெடுத்ததும், ஊரில் பழகிய பழக்கத்தில் நான்கு விரல்களாலும் பிரேக்கை இறுகப் பிடித்தார். முன்சக்கரம் நின்றது, அவர் நிற்கவில்லை. ஹேண்டில்பாருக்கு மேலாகப் போய் விழுந்ததில் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. ஊர்ச் சைக்கிளின் கம்பி பிரேக், ரப்பர் கட்டை வளையத்தை உரசி மெதுவாகத்தான் பிடிக்கும். முழு பலத்தோடு அழுத்தினால்தான் வண்டி நிற்கும். மலைத்தடச் சைக்கிளின் டிஸ்க் (வட்டு) பிரேக்குக்கு ஒரு விரல் போதும். இந்த வேறுபாட்டை அன்று காலை யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லாதவர்களில் நானும் ஒருவன் என்பதால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

என் முதல் வேண்டுகோள் படிவத்தைப் பற்றியது. கடைசியாக எந்த ஆண்டில் ஓட்டினீர்கள், கியர் உள்ள வண்டியில் மேடு ஏறியதுண்டா, சீட்டிலிருந்து எழுந்து நின்றபடி, மிதிக்காமல் சரிவில் இறங்கியதுண்டா என்று கேளுங்கள். கூடவே உயரத்தையும் கேளுங்கள். ஐந்தடிப் பெண்ணுக்கும் ஆறடி இளையருக்கும் ஒரே அளவு வண்டி பொருந்தாது. உயர விவரம் கையிலிருந்தால் கடைக்காரரிடம் முன்கூட்டியே அளவு சொல்லி ஒதுக்கி வைக்கச் சொல்லலாம். முன்பக்கம் கூடை மாட்டிய வண்டி கம்பத்துச் (கிராமத்து) சாலையில் உலவுவதற்கு நல்லதுதான். அதைத் தடத்துக்குள் கொண்டுபோகக் கூடாது.

இரண்டாவது வேண்டுகோள் பயிற்சிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவது. நேரம் ஏது என்று நீங்கள் கேட்பது தெரியும். சாங்கி முனைப் படகுத்துறையில் ஒரு படகு 12 பேரை ஏற்றும்; முப்பது பேர் என்றால் மூன்று படகுகள். முதல் படகில் வந்தவர்கள் கடைசிப் படகு வரும்வரை இளநீர் குடித்துக்கொண்டும் படம் பிடித்துக்கொண்டும் நிற்பது வழக்கம். அந்தக் காத்திருப்பையே வகுப்பாக்கிக்கொள்ளுங்கள். படகுக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு பயிற்றுநர், வண்டிகள் வராத ஒரு சமதரை, இவ்வளவே தேவை.

முதலில் பிரேக்கைச் சொல்லிக்கொடுங்கள். எந்தப் பிடி எந்தச் சக்கரத்துக்கு என்பது வண்டிக்கு வண்டி மாறலாம் என்பதால், ஒவ்வொருவரும் வண்டியைக் கையில் உருட்டியபடி ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். வேகம் குறையும்போது உடலின் எடை முன்னோக்கிச் சாய்வதால், வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துடையது. ஆகவே முன் பிரேக்கைத் தொடவே கூடாது என்று பயமுறுத்துவதும் தவறு. ஒரு விரலால் இரண்டையும் மெல்ல அழுத்த வேண்டும், அதே நொடியில் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குதிகாலைத் தாழ்த்த வேண்டும். தரையில் ஒரு தண்ணீர்ப் போத்தலை வைத்து, அதன் அருகில் வந்து சக்கரம் வழுக்காமல் நிற்கச் சொல்லுங்கள். பத்து முறை செய்தவருக்குக் கையே கற்றுக்கொண்டுவிடும்.

அடுத்தது மிதிகளின்மேல் எழுந்து நிற்பது. தொடக்கநிலையினர் சீட்டில் அமர்ந்தே இறங்குவார்கள். ஒவ்வொரு வேரும் முதுகில் அடிக்கும், உடல் துள்ளும், பயத்தில் கை இறுகும். இரண்டு மிதிகளும் ஒரே மட்டத்தில் இருக்க, முழங்காலும் முழங்கையும் சற்று மடங்க, சீட்டைவிட்டு எழுந்து நின்றால் வண்டி காலுக்கடியில் தன்பாட்டுக்கு ஆடிக்கொள்ளும். மிதி மட்டமாக இருந்தால் வேரிலோ கல்லிலோ இடறாது. பார்வை முன்சக்கரத்தில் இல்லாமல், பத்து அடிக்கு அப்பால் போகவேண்டிய இடத்தில் இருக்கட்டும். மரத்தைப் பார்த்தவர் மரத்தில்தான் போய் மோதுவார். இறக்கத்துக்கு முன் சீட்டை மூன்று நான்கு சென்டிமீட்டர் தாழ்த்திக்கொள்வது நல்லது. மேடு தொடங்குமுன்னரே இலகுவான கியருக்கு மாற வேண்டும் என்பதையும் சொல்லிவையுங்கள். பாதி மேட்டில் மாற்றினால் செயின் கழன்று, கைகளில் எண்ணெய்க் கறையும் பின்னால் வருபவர்களின் முணுமுணுப்பும்தான் மிஞ்சும்.

வண்டியைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். முன் பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் தளர்வு தெரியும்; சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால் கோணல் தெரியும். டயரில் காற்று கல்போல் இறுகியிருந்தால் சரளைக்கல்லில் வழுக்கும், காற்றழுத்தம் 30 முதல் 35 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) வரை போதும். பிரேக் வட்டைக் கையால் தொடக் கூடாது என்று சிறுவர்களிடம் சொல்லுங்கள், ஓட்டியபின் அது சுடும்.

தடத்தைத் தேர்வு செய்வதிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. உபினின் மேற்குப் பக்கத்தில், பழைய கருங்கல் குவாரியைச் சுற்றி 2008இல் திறக்கப்பட்ட கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்காவின் பலகைகளில், தடத்தின் கடினத்தைக் காட்டும் குறிகளாக நீலச் சதுரமும் கறுப்பு வைரமும் இரட்டைக் கறுப்பு வைரமும் உண்டு. நீலம் என்றதும் தொடக்கநிலைக்கானது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அனைத்துலகக் குறியீட்டில் வெள்ளை வட்டம், பச்சை வட்டம் என்று இரண்டு படிகள் அதற்குக் கீழே இருக்கின்றன. நீலம் நடுத்தரம். வகுப்பை முடித்தவர்கள் நீலத்தை மெதுவாகச் சுற்றலாம். வைரங்கள் இன்னொரு நாளுக்கு இருக்கட்டும். முதல் சுற்றில் கடினமான இடங்களில் அனைவரும் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது என்று விதியாகவே அறிவித்துவிட்டால், தள்ளுவதற்கு யாரும் வெட்கப்பட மாட்டார்கள். கடல் தாண்ட விருப்பமில்லாத குழுவுக்குச் செஸ்ட்நட் இயற்கைப் பூங்கா இருக்கிறது. அங்கு நடப்போருக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் தனித்தனித் தடங்கள் என்பதால் நடந்து வரும் முதியவர்மேல் மோதிவிடுவோமோ என்ற பயம் குறைவு.

உடையைப் பற்றி வெளிப்படையாகவே எழுதுகிறேன். துப்பட்டாவும் அகலமான பேன்ட் காலும் செயினில் சிக்கும். சிலிப்பர் மிதியில் நிற்காது. தலைக்கவசம் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே இருக்க வேண்டும். தலையை ஆட்டினால் அது தனியே ஆடக் கூடாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். காலையில் வெண்பொங்கல் வேண்டாம் (இதற்காக என்மீது கோபப்படுவோர் உண்டு), மதியம் பிரியாணி இருக்கட்டும். ஆனால் பொட்டலத்தைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டபடி போனால் அதை முதலில் திறப்பவை குரங்குகளாகத்தான் இருக்கும்.

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடியுடன் மழை வருவது இங்கு வழக்கமாதலால், காலை முதல் படகைப் பிடித்து, நண்பகலுக்குள் தடத்தைவிட்டு வெளியேறும்படி திட்டமிடுங்கள். ஈரமான வேரைச் சாய்வாகக் கடந்தால் சக்கரம் சறுக்கும். நேராகக் கடக்க வேண்டும், அதன்மேல் பிரேக் பிடிக்கக் கூடாது. இடி முழங்கினால் ஓட்டத்தை நிறுத்திக் கூரைக்குக் கீழே போய்விடுங்கள்.

முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். முன்னவரை யாரும் முந்தக் கூடாது, பின்னவருக்குப் பின் யாரும் தங்கக் கூடாது. இருவரிடமும் முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும், அவசர மருத்துவ உதவி எண்ணான 995ஐ அழைத்தால் எந்தத் தடத்தில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த உலாவுக்கான படிவத்தை அச்சிடுமுன் மேற்சொன்ன கேள்விகளை அதில் சேர்ப்பீர்களா? பிரேக் வகுப்புக்கு ஆள் இல்லையென்றால் முதல் படகில் நானே வந்துவிடுகிறேன், தண்ணீர்ப் போத்தல்களையும் கொண்டுவருகிறேன். அந்த அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். முன் பிரேக்கைப் பற்றித் தானே பேசுவாராம்.

இப்படிக்கு,
உங்களைப் போன்ற ஒரு தொண்டூழியர்