சித்தப்பாவுக்கு, 1939 டோர்னமென்ட் பற்றி

யூஜீன், ஆரெகன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே நலம். சித்தி, பாட்டி, பிள்ளைகள் எல்லோரும் நலந்தானே? இந்த ஊரில் மார்ச் பிறந்தால் மழையும் விடுவதில்லை, காலேஜ் பாஸ்கெட்பால் பேச்சும் விடுவதில்லை. ஆபீஸில் மேனேஜர் முதல் செக்யூரிட்டி வரை ஆளுக்கொரு அட்டவணைத் தாளில் யார் யாரை ஜெயிப்பார்கள் என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். என்.சி.ஏ.ஏ. என்ற தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பு நடத்தும் நாக்அவுட் போட்டி இது. 2011இலிருந்து 68 அணிகள். ஆனால் 1939இல் இது தொடங்கியபோது மொத்தமே எட்டு அணிகள்தான். முதல் கோப்பை இந்த ஊர் ஆரெகன் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. நீங்களும் எட்டு காலேஜை வைத்து நாக்அவுட் நடத்தப்போவதாகச் சொன்னீர்கள் என்பதால் அது நடந்த விதத்தை விவரமாக எழுதுகிறேன்.

யோசனை ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகக் கோச் ஹெரால்ட் ஓல்சனுடையது. அதற்கு முந்தின வருஷமே நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் என்.ஐ.டி. என்ற அழைப்புப் போட்டி தொடங்கியிருந்தது. நாடு முழுவதற்குமான சாம்பியனை ஒரு நகரத்து அழைப்பு முடிவு செய்யக்கூடாது என்பது கோச்சுகளின் எண்ணம். நாட்டை எட்டு வட்டாரமாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஓர் அணி எடுத்தார்கள். கிழக்கு நான்கும் மார்ச் 17, 18இல் பிலடெல்பியாவின் பலெஸ்ட்ரா அரங்கில் ஆடின. மேற்கு நான்கும் 20, 21இல் சான்பிரான்சிஸ்கோவில். ஃபைனல் 27ஆம் தேதி, சிகாகோ பக்கத்து எவன்ஸ்டனில்.

அடுத்தடுத்த ராத்திரிகளில் இரண்டு ஆட்டம் என்பதைக் கவனியுங்கள். முதல் நாள் ஆரெகன் டெக்சாஸை 56–41 என்று ஜெயித்தது, மறுநாளே ஓக்லஹோமாவை 55–37. பிறகு ரயிலேறி நாட்டின் பாதியைக் கடந்து ஃபைனலுக்குப் போனார்கள். நடுவே கிடைத்த அந்த ஐந்து நாள் அவசியமானது. நீங்களும் செமிக்கும் ஃபைனலுக்கும் நடுவில் ஒரு நாளாவது ஓய்வு விடுங்கள். பெஞ்சில் ஆள் குறைந்த காலேஜ்கள்தான் இதில் முதலில் அடிபடும்.

ஆரெகன் ஜெயித்த விதம் உங்களுக்கு நிச்சயம் பிடிக்கும். 1937 வரை ஒவ்வொரு பாஸ்கெட்டுக்குப் பிறகும் பந்தை நடுவட்டத்துக்குக் கொண்டுபோய் ஜம்ப் போட வேண்டும் (நடுவர் மேலே எறியும் பந்துக்கு அணிக்கு ஒருவர் குதிப்பது). அந்த விதி போனதும் எந்த அணிக்கு எதிராக பாஸ்கெட் விழுந்ததோ அந்த அணி உடனே கூடைக்குப் பின்னாலுள்ள பேஸ்லைனிலிருந்து பந்தை உள்ளே போடலாம் என்றானது. எதிரணி மூச்சு வாங்குவதற்குள் ஓடிவிடலாம். கோச் ஹோவர்ட் ஹாப்சன் அணியையே அதற்கேற்ப அமைத்தார். சென்டர் ஸ்லிம் விண்டர்மியூட் 6 அடி 8 அங்குலம். ஃபார்வர்டுகள் லாடி கேல், ஜான் டிக் இருவரும் 6 அடி 4. ரீபவுண்டு, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்து, இவர்கள் கையில் விழும். அங்கிருந்து கேப்டன் பாபி ஆனெட்டுக்குப் போகும்; அவர் உயரம் 5 அடி 8தான், ஆனால் மின்னல் ஓட்டம். உயரமும் ஓட்டமும் ஒரே அணியில் சேர்வது அந்நாளில் அபூர்வம். நம் ஊரில் உயரமான பையனைக் கூடைக்கடியில் நட்டுவைத்து அவனுக்கே பந்தைத் தூக்கிப்போடுகிறோமே, அவன் ரீபவுண்டு எடுத்த கையோடு பந்தை முன்னே ஓட்டிப்போகும் கார்டுக்குத் தரப் பழக்கினால் போதும்.

ஃபைனலில் ஒஹையோ ஸ்டேட்டுடன் இடைவேளையில் 21–16, முடிவில் 46–33. ஜான் டிக் 15 பாயின்ட். ஸ்கோர் குறைவே என்று நினைக்காதீர்கள். அப்போது தூரத்து ஷாட்டுக்கான மூன்று பாயின்ட் கோடும் இல்லை, இத்தனை வினாடிக்குள் ஷாட் அடிக்க வேண்டும் என்ற ஷாட் கிளாக்கும் இல்லை. நான்கு ஃபவுலில் ஆள் வெளியே. பந்து எல்லை தாண்டப்போகிறது என்று ஆனெட் பாய்ந்ததில் கோட்டோரம் இருந்த மேஜை மேல் மோதி, அங்கே வைத்திருந்த கோப்பையின் உச்சிப் பொம்மை உடைந்துபோனது. ஜெயித்த கேப்டனுக்குக் கோப்பை இரண்டு துண்டாகத்தான் கிடைத்தது. ஆகவே பரிசு மேஜையையும் ஸ்கோரர் மேஜையையும் கோட்டிலிருந்து நன்றாகத் தள்ளிப் போடச் சொல்லுங்கள். கோப்பை போனால் வாங்கலாம், பையனுக்கு முழங்கால் போனால் என்ன செய்வது?

பணக்கணக்கு மோசம். எல்லா ஆட்டத்துக்கும் சேர்த்து வந்த கூட்டம் 15,025. நஷ்டம் 2,531 டாலர். போட்டியை நடத்தியது கோச்சுகளின் சங்கம். அந்தச் சங்கத்தால் இந்தச் சுமையைத் தாங்க முடியவில்லை; என்.சி.ஏ.ஏ. ஈடுகட்டி, மறு வருஷம் முதல் போட்டியைத் தானே எடுத்துக்கொண்டது. 1940இல் ஃபைனலைக் கான்சாஸ் நகரத்துப் பெரிய அரங்குக்கு மாற்றினார்கள்; கான்சாஸ் அணியே ஃபைனலுக்கு வந்தது, லாபமும் வந்தது. என் கருத்தில் 1939இன் குறை இதுதான்: ஆரெகனும் ஒஹையோவும் மோதியது இருவருக்குமே சொந்த ஊரல்லாத எவன்ஸ்டனில். உள்ளூர் அணி ஃபைனலுக்கு வராவிட்டாலும் கூட்டம் வரும் இடமாகப் பாருங்கள்; பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வரும் தூரமாக இருந்தால் நல்லது.

இன்னொன்று. ஹாப்சன் எந்த இடத்திலிருந்து எத்தனை ஷாட் போனது, எத்தனை விழுந்தது என்று ஆட்டத்துக்கு ஆட்டம் கணக்கு வைத்தவர். நீங்களும் ஒரு தாளில் அரைக் கோர்ட்டை வரைந்து, ஷாட் அடித்த இடத்தில் ஆட்டக்காரரின் பனியன் நம்பரை எழுதுங்கள். விழுந்தால் நம்பரைச் சுற்றி வட்டம். ஆட்டத்தின் ஒவ்வொரு பாதிக்கும் ஒரு தாள், அணிக்கு ஓர் ஆள். எழுதுபவர் ஸ்கோர் ஷீட்டையும் சேர்த்துப் பார்க்கக்கூடாது, இரண்டும் தப்பாகிவிடும். மாதிரித் தாள் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன், ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

போட்டித் தேதி முடிவானதும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் குமார்